காணி கம்பனியின் பெயரில், சாவி குடும்பத்தின் கையில்

குடும்பங்கள் நடத்தும் ஆதனக் கம்பனிகளில் பங்கு வைத்திருக்கிற நம்மூர்க்காரர் சிலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஓய்வூதியம், சீட்டுப்பணம், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பியது என்று சேர்த்து வாங்கிய பங்குகள். அதனால் மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

*பங்கு 18 ரூபாவுக்குப் போகிறது. ஆண்டறிக்கையில் ஒரு பங்குக்கான தேறிய சொத்து 52 ரூபா. கொழும்பில் நல்ல இடத்தில் காணி. 65 வீதம் ஒரே குடும்பத்திடம். மூன்றிலொரு விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாம்தானே? (உப்புவெளி வாசகர்)*

அவசரப்படாதீர்கள். மத்திய வீதியில் அப்பா விட்டுப்போன கடை ஒன்று, ஐந்து பிள்ளைகள், உறுதியில் ஐந்து பேருக்கும் பிரிபடாத பங்கு, ஆனால் சாவி மூத்தவரிடம், வாடகையை வாங்குவதும் மூத்தவர், கூரை திருத்தினேன் வரி கட்டினேன் என்று கணக்குச் சொல்வதும் அவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் இருக்கிற கடைசித் தங்கை தன் ஐந்திலொன்றை விற்கப் போனால் கடையின் பெறுமதியில் ஐந்திலொன்றை யார் கொடுப்பார்கள்? பாதி கிடைத்தாலே பெரிது. உங்கள் 18 ரூபாவும் அப்படி வந்த விலைதான். இன்னும் சொல்லப்போனால் அந்தத் தங்கையின் நிலை உங்களுடையதை விட நல்லது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் அவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், என் பங்கைப் பிரித்துத் தாருங்கள் அல்லது விற்றுத் தாருங்கள் என்று கேட்கலாம். கம்பனிப் பங்குதாரருக்கு அப்படிக் கேட்க வழியே இல்லை. காணி கம்பனிக்குச் சொந்தம், உங்களுக்குச் சொந்தம் கம்பனியில் ஒரு துண்டு மட்டும்.

52 ரூபா என்பது மதிப்பீட்டாளர் எழுதிய பெறுமதியிலிருந்து கடனைக் கழித்து, ஒரு பங்குக்கு எவ்வளவு என்று பிரித்த தொகை. அது உங்கள் கைக்கு வர மூன்று வழிகள்தான் உண்டு: கம்பனி ஆதனத்தை விற்றுப் பணத்தைப் பகிர வேண்டும், இல்லாவிட்டால் வாடகையிலிருந்து ஒழுங்காகப் பங்கிலாபம் தர வேண்டும், இல்லாவிட்டால் யாராவது முழுக் கம்பனியையும் வாங்க வர வேண்டும். மூன்றுக்கும் குடும்பம் தலையாட்ட வேண்டும். எனவே காணியின் விலையை விட்டுவிட்டு, குடும்பம் இதுவரை எப்படி நடந்திருக்கிறது என்று பாருங்கள். கடந்த ஐந்து ஆண்டறிக்கைகளை எடுத்து ஒரு கொப்பியில் வருடத்துக்கு நான்கு எண்கள் எழுதுங்கள்: காசாக வந்த வாடகை, கொடுத்த பங்கிலாபம், வங்கிக் கடன், குடும்பத்தின் மற்றக் கம்பனிகளுக்குப் போன பணம். முதல் எண் ஏறிக்கொண்டே போய் இரண்டாவது அசையாமல் நின்று நான்காவது வளர்ந்தால், அந்த 18 ரூபாவும் அதிகம்.

குடும்பம் என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கொழும்பு உலக வர்த்தக மையக் கோபுரங்களை வைத்திருக்கும் ஓவர்சீஸ் ரியல்டி கம்பனியில் பெரும்பான்மை ஒரு குடும்பத்திடம்தான், பல வருடங்களில் பங்கிலாபமும் கொடுத்திருக்கிறது. (வாங்கச் சொல்லவில்லை, உதாரணத்துக்குச் சொல்கிறேன்.) தன் சொந்தப் பணம் உள்ளே இருக்கிற குடும்பம், சம்பளத்துக்கு வந்த முகாமையாளரை விடக் கவனமாகக் கட்டடத்தைப் பார்ப்பதும் உண்டு.

*இலாபம் 420 மில்லியன் என்று போட்டிருக்கிறார்கள், பங்கிலாபம் ஒரு சதம் இல்லை. இது எப்படி? (ஓர்ஸ்ஹில், ஓய்வுபெற்ற ஆசிரியை)*

அம்மா, நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். அந்த 420இல் 365 மில்லியன் "முதலீட்டு ஆதனங்களின் நியாயப் பெறுமதி ஆதாயம்" என்ற ஒரே வரியில் வந்திருக்கிறது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 40இன்படி வாடகைக்கு விடும் காணி, கட்டடத்தை நியாயப் பெறுமதியில், அதாவது அன்றைய சந்தை மதிப்பில், காட்டும் கம்பனி, அந்த வருடம் மதிப்பு ஏறியதை இலாபத்தில் சேர்க்க வேண்டும். தவறு ஒன்றும் இல்லை, ஆனால் அதில் ஒரு ரூபாவும் காசு இல்லை. மிஞ்சியது 55 மில்லியன். இனிமேல் இலாப நட்டக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்பு காசுப் பாய்ச்சல் கூற்றை, அதாவது காசு உண்மையில் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று காட்டும் பக்கத்தை, பாருங்கள். அதன் தொடக்கத்திலேயே இந்த ஆதாயத்தைக் கழித்துக் காட்டியிருப்பார்கள்.

அந்த 55இலிருந்தாவது கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். பங்கிலாபம் கொடுப்பதற்கு முன் கம்பனி வங்குரோத்தில்லாமைச் சோதனையில் (கடன்களை உரிய நேரத்தில் கட்ட முடியுமா, கடனை விடச் சொத்து கூடவா என்று பார்ப்பது) தேற வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் சொல்கிறது. ஆனால் தேறிய கம்பனி கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. முடிவு பணிப்பாளர் சபையிடம்.

*தலைவரின் மகனுடைய தனியார் கம்பனிக்கு வருடாவருடம் "முகாமைத்துவக் கட்டணம்" போகிறது. கேட்க ஆளில்லையா? (கிண்ணியா வாசகர்)*

விதி இருக்கிறது, ஆனால் அந்த வலையின் கண்ணி பெரிது. கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையின் நிரற்படுத்தல் விதிகளின்படி ஒவ்வொரு கம்பனிக்கும் தொடர்புடைய தரப்பினருடனான (பணிப்பாளர்கள், அவர்களின் குடும்பம், குடும்பத்தின் மற்றக் கம்பனிகள் போன்றோருடனான) கொடுக்கல் வாங்கல்களை மீளாய்வு செய்யும் குழு ஒன்று வேண்டும். அடிக்கடி நடக்காத கொடுக்கல் வாங்கல், உரிமையாளர் மூலதனத்தில் (சொத்தில் கடன் போக மிஞ்சுவதில்) 10 வீதம் அல்லது மொத்தச் சொத்தில் 5 வீதம், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால் உடனே சந்தைக்கு அறிவிக்க வேண்டும். மொத்தச் சொத்தில் மூன்றிலொன்றை எட்டினால் பங்குதாரரின் அனுமதியும் வேண்டும். முகாமைத்துவக் கட்டணம் போல வருடாவருடம் வருவது மொத்த வருமானத்தில் 10 வீதத்தைத் தாண்டினால் ஆண்டறிக்கையில் விபரம் போட வேண்டும்.

இப்போது உங்கள் கம்பனியைப் பாருங்கள். மொத்தச் சொத்து பெரிது, ஏனென்றால் காணி. அதனால் மகனின் கம்பனிக்கு ஒரு பெரிய தொகையைக் கடனாகக் கொடுத்தாலும் 5 வீதத்தைத் தொடாமல் போகலாம். சின்னச் சின்னதாக வருடா வருடம் போவது வருமானத்தில் அந்த 10 வீதத்துக்குள் நின்றால் அதை எந்த எல்லையும் பிடிக்காது. ஆனாலும் கணக்குகளின் பின்பகுதியில் "தொடர்புடைய தரப்பு வெளிப்படுத்தல்கள்" என்று ஒரு குறிப்பு இருக்கும், நியமம் 24 அதைக் கட்டாயமாக்குகிறது. நான் எந்த ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தாலும், தலைவரின் படத்தையும் செய்தியையும் தள்ளிவிட்டு அந்தக் குறிப்புக்குத்தான் முதலில் போவேன். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டிக்கு, வருட முடிவில் நிலுவை எவ்வளவு. கம்பனி வங்கிக்கு 14 வீத வட்டி கட்டிக்கொண்டு, குடும்பத்தின் இன்னொரு கம்பனிக்கு வட்டியில்லாமல் கொடுத்திருந்தால் அந்த 14 வீதத்தில் உங்கள் பங்கையும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ஐந்து வருடத் தொகையைக் கூட்டி, அதே ஐந்து வருடத்தில் எல்லாப் பங்குதாரருக்கும் கொடுத்த பங்கிலாபத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எனக்கு வயிறு எரிந்தது அப்படி எழுதிப் பார்த்த நாளில்தான்.

*சுயாதீனப் பணிப்பாளர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பார்க்க மாட்டார்களா?*

சிலர் பார்ப்பார்கள். நியமிப்பது குடும்பத்தின் வாக்கு என்பதை மறக்காதீர்கள். ஒன்பது வருடங்களுக்கு மேல் அதே சபையில் இருந்தவரைச் சுயாதீனமானவர் என்று இப்போதைய விதிகள் ஏற்பதில்லை, அதனால் நியமன ஆண்டைப் பாருங்கள். கூட்ட அறிவித்தலையும் படியுங்கள்: 70 வயதைத் தாண்டிய பணிப்பாளர் தொடர வேண்டுமானால் வயதெல்லை அவருக்குப் பொருந்தாது என்று பங்குதாரர் தீர்மானம் எடுக்க வேண்டும். பெரியவரின் பெயர் வருடாவருடம் அங்கே வரும்.

*ஒன்றுக்கு ஒன்று உரிமைப் பங்கு (கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் ஒரு புதிய பங்கு வாங்கும் உரிமை), 10 ரூபாவுக்கு. சந்தை விலை 20. புதிதாகப் பணம் போட மனமில்லை, விட்டுவிடலாமா? (பாலையூற்று)*

வாங்குங்கள் அல்லது உரிமையை விற்றுவிடுங்கள், தம்பி. சும்மா மட்டும் விடாதீர்கள். 20 ரூபாப் பங்கு ஒன்றும் 10 ரூபாப் பங்கு ஒன்றும் சேர்ந்தால் சராசரி 15. ஆகவே உரிமைக்கே 5 ரூபா அளவில் பெறுமதி உண்டு, கொஞ்ச நாட்களுக்கு அது சந்தையில் விற்கப்படும். விட்டால் அந்த 5 ரூபாவும் போய், உங்கள் பங்கு வீதமும் பாதியாகிவிடும். நீங்கள் விட்டதை மேலதிகமாக விண்ணப்பித்து எடுக்க முன்னால் நிற்பது பெரும்பாலும் குடும்பம்தான். சொத்து மதிப்பை விட மிகக் குறைந்த விலையில் அவர்கள் பங்கு ஏறும் இலேசான வழி அது.

எனக்கும் நடந்தது. புதிய கட்டடம் கட்டப் பணம் வேண்டும் என்று ஒரு கம்பனி கேட்டது, நம்பிக் கட்டினேன். அடுத்த ஆண்டறிக்கையில் கட்டடம் "திட்டமிடல் கட்டத்தில்" இருந்தது, பணத்தில் பெரும்பகுதி குடும்பத்தின் இன்னொரு கம்பனியின் கணக்கில் முற்பணமாக இருந்தது. அன்றிலிருந்து, சுற்றறிக்கையில் எந்தக் காணியில், எத்தனை மாடி, எப்போதைக்குள் என்று எழுதாத கம்பனிக்கு நான் ஒரு ரூபாவும் போடுவதில்லை.

*அண்ணன் ஹொங்கொங்கில் இருக்கிறார். அங்கேயும் குடும்பங்கள் கம்பனியைச் சந்தையிலிருந்து எடுத்துவிடுகின்றன என்கிறார். அப்படி நடந்தால் நல்லதா? (நிலாவெளி)*

அங்கே 2019இல் வூ குடும்பம் ஹோப்வெல் ஹோல்டிங்ஸ் என்ற ஆதனக் கம்பனியைப் பங்குக்கு 38.80 ஹொங்கொங் டொலர் கொடுத்து முழுதாக எடுத்தது, அடுத்த வருடம் இன்னொரு பெரிய குடும்பம் வீலொக் கம்பனியை எடுத்தது. ஹோப்வெலில் கொடுத்த விலை சந்தை விலையை விட நன்றாகக் கூடியது, ஆனால் சொத்து மதிப்பை விடக் குறைந்தது. வருடக்கணக்காகக் காத்திருந்தவருக்கு அது கதவு திறந்த மாதிரி, முழுப் பெறுமதி கிடைக்கும் என்று இருந்தவருக்கு ஏமாற்றம். ஆனால் அங்கே இப்படியான திட்டத்துக்குக் குடும்பம் சாராத பங்குதாரர் தனியாக வாக்களிக்க வேண்டும்: அவர்கள் அளித்த வாக்குகளில் 75 வீதம் சம்மதமாக இருக்க வேண்டும், சாராத மொத்தப் பங்குகளில் 10 வீதத்துக்கு மேல் எதிர்த்தால் திட்டம் விழும். சின்னவர் கையில் உண்மையான பூட்டு ஒன்றைக் கொடுக்கிற விதி அது.

*2,000 பங்குதான் இருக்கிறது. கூட்டம் கொழும்பில். நான் போய் என்ன ஆகப்போகிறது? (அலஸ்தோட்டம்)*

ஐயா, கணக்கைப் பாருங்கள். விசேட தீர்மானத்துக்கு, அளிக்கப்பட்ட வாக்கில் 75 வீதம் வேண்டும். குடும்பத்திடம் 60 வீதம் என்று வைப்போம். மீதி 40இல் 10 மட்டும் வந்து எதிர்த்தால் 60க்கு 70, அதாவது 85 வீதத்துக்கு மேல், சுகமாக நிறைவேறும். 21 வந்து எதிர்த்தால் 60க்கு 81, 74 வீதம், தீர்மானம் விழும். வீட்டில் இருப்பவரின் வாக்கு குடும்பத்துக்கே போய்ச் சேருகிறது. யாப்பை மாற்றுவது, கம்பனியின் பாதிக்கு மேற்பட்ட சொத்தை விற்பது போன்றவை இந்த வாக்கில்தான் தங்கியிருக்கின்றன.

ஒடுக்குமுறை வழக்கை 2,000 பங்கோடு தனியாகப் போட முடியாது. ஒடுக்குமுறை, முறையற்ற முகாமைத்துவம் என்று நீதிமன்றம் போவதற்கு, ஆறு மாதமாக 5 வீத வாக்குரிமை வைத்திருப்பவர்கள் அல்லது மொத்தப் பங்குதாரர் தொகையில் 5 வீதம் பேர் சேர வேண்டும். விசேட கூட்டம் கேட்க 10 வீதம். ஆனால் கேள்வி கேட்க ஒரு பங்கு போதும். கேள்வியை எழுத்தில் கம்பனிச் செயலாளருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள், ஒன்றே ஒன்று, எண்ணோடு: "குறிப்பு இத்தனையில் உள்ள இந்த நிலுவைக்கு வட்டி என்ன, எப்போது திரும்பி வரும்?" கோபமாக எழுதினால் பதில் வராது, எண்ணோடு எழுதினால் கணக்காய்வாளர் முன்னால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

போக முடியாவிட்டால் பதிலாள் படிவம், அதாவது உங்களுக்காக இன்னொருவர் வாக்களிக்க அனுமதிக்கும் படிவம், ஆண்டறிக்கையின் கடைசியில் இருக்கும். பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டால் அது பெரும்பாலும் தலைவருக்கே போகும், அதனால் உங்களுக்கு நம்பிக்கையானவரின் பெயரை எழுதி, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே அடையாளம் போடுங்கள். வழக்கமாகக் கூட்டத்துக்கு 48 மணித்தியாலம் முன்பே அது கொழும்பில் இருக்க வேண்டும், இங்கேயிருந்து தபாலை நம்பாமல் ஒரு கிழமை முந்தியே கூரியரில் போடுங்கள். உங்கள் மச்சானிடமும் 3,000 பங்கு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய படிவத்தையும் அதே உறையில் வையுங்கள்.