சட்டம் கேளுங்கள்: எல்லை தாண்டிய பாக்கி

கே: லண்டனில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். பாரிஸ் கடைக்காரர் ஒருவர் 41,000 பவுண்டு பாக்கி. அவர் ஆஜராகாததால் லண்டன் நீதிமன்றம் எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்துவிட்டது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இது பிரான்சில் செல்லுமா?

ப: உங்கள் வழக்குப் படிவத்தில் நீதிமன்றம் போட்ட தேதி என்ன? அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நாட்டுத் தீர்ப்பை இன்னொரு நாடு ஏற்பதற்கான 2019-ஆம் ஆண்டின் ஹேக் தீர்ப்பு உடன்படிக்கை ஐரோப்பிய ஒன்றியத்தில் (டென்மார்க் நீங்கலாக) 2023 செப்டம்பர் 1 முதலும், பிரிட்டனில் 2025 ஜூலை 1 முதலும் நடைமுறையில் உள்ளது. வழக்குத் தொடுத்த நாளில் இரண்டு நாடுகளுக்கும் இடையே அது அமலில் இருந்திருக்க வேண்டும். தீர்ப்பு வந்த தேதி கணக்கில் வராது. 2025 ஜூன் 30-ல் தாக்கல் செய்து டிசம்பரில் தீர்ப்பு வாங்கியிருந்தால் இந்த வழி இல்லை. பிரான்சின் உள்நாட்டுச் சட்டப்படிதான் அனுமதி கேட்க வேண்டும். வழக்கை விசாரிக்க லண்டனுக்குப் போதிய தொடர்பு இருந்ததா, பொது ஒழுங்குக்கு முரணா, மோசடி உண்டா என்று அங்கே பார்ப்பார்கள்.

ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு தொடுத்த வழக்கு என்றால் நிலைமை நல்லது. பாக்கி உண்டா இல்லையா என்று பிரெஞ்சு நீதிமன்றம் மறுபடி விசாரிக்காது. ஆனால் லண்டன் நீதிமன்றத்துக்கும் வழக்குக்கும் உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவில் சொன்ன தொடர்புகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். பணத்தை லண்டனில் செலுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் பெரும்பாலும் போதும். எதிராளிக்கு இங்கிலாந்தோடு சொல்லிக்கொள்ளும்படியான வியாபாரத் தொடர்பே இல்லை என்று அவர் வாதிட இடம் உண்டு. ஒப்பந்தத்தில் 'லண்டன் நீதிமன்றம் மட்டுமே' என்று எழுதியிருந்தால் இந்த உடன்படிக்கையே வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் ஹேக் நீதிமன்றத் தேர்வு உடன்படிக்கை பொருந்தும். அதற்கு ஜூலை 1 தேதிக் கட்டுப்பாடும் கிடையாது.

எதிராளி வராமல் வந்த தீர்ப்புகள் பெரும்பாலும் சிக்குவது அழைப்பாணையில். இணைக்க வேண்டியவை: தீர்ப்பின் சான்றிட்ட முழுப் பிரதி, அது இங்கிலாந்தில் அமலில் உள்ளது என்பதற்கான ஆவணம், வழக்குத் தாள்கள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி, எல்லாவற்றுக்கும் சான்றிட்ட பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. பதில் சொல்லப் போதிய அவகாசம் கொடுக்காமல் அனுப்பியிருந்தால் அந்த ஒரு காரணமே தள்ளுபடிக்குப் போதும். நேரடித் தபாலில் அனுப்பியிருந்தால் பிரான்ஸ் அதை எதிர்க்கவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஜெர்மனி எதிர்க்கிறது. அங்கே மத்திய அதிகார அமைப்பு (வெளிநாட்டு வழக்குத் தாள்களைப் பெற்றுச் சேர்ப்பிக்கும் அரசு அமைப்பு) வழியாக, ஜெர்மன் மொழிபெயர்ப்போடுதான் அனுப்ப வேண்டும். மொழிபெயர்ப்புச் செலவை மிச்சம் பிடித்து கூரியரில் அனுப்பினால், தீர்ப்பைக் கொண்டுபோகும்போது வினை வரும். மனுவைப் பிரெஞ்சு வழக்கறிஞர் மூலம் 'டிரிபுனல் ஜுடிசியேர்' என்ற முதல்நிலை நீதிமன்றத்தில் போட வேண்டும்.

கே: டூசல்டோர்ஃபில் சிறு கடை. நெதர்லாந்து சப்ளையர் 3,800 யூரோ முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கு அனுப்பவில்லை. வக்கீல் வைத்தால் கட்டுபடியாகுமா?

ப: வக்கீல் கட்டாயமில்லை. 5,000 யூரோ வரையிலான எல்லை தாண்டிய கோரிக்கைகளுக்கு ஐரோப்பியச் சிறு வழக்கு நடைமுறை இருக்கிறது. வட்டியும் செலவும் அந்த வரம்பில் சேராது, டென்மார்க்குக்குப் பொருந்தாது. 'ஏ' படிவத்தை நிரப்பி, இன்வாய்ஸ், வங்கிப் பரிமாற்றச் சீட்டு, மின்னஞ்சல்களின் பிரதியோடு உரிய நீதிமன்றத்தில் கொடுங்கள். சரியாக நிரப்பிய படிவம் வந்த 14 நாளில் நீதிமன்றம் எதிராளிக்கு அனுப்ப வேண்டும்; அவர் பதில் சொல்ல 30 நாள். ஜெயித்தால் 'டி' சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் நெதர்லாந்தில் தனி அனுமதி இல்லாமலே வசூலுக்குப் போகலாம்.

சரக்கை டூசல்டோர்ஃபில் ஒப்படைப்பதாக ஒப்பந்தமா, அவருடைய கிடங்கில் எடுத்துக்கொள்வதாகவா என்று முதலில் பாருங்கள். முன்னது என்றால் உங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். பின்னது என்றால் நெதர்லாந்துக்குத்தான் போக வேண்டும், படிவமும் டச்சு மொழியில்.

கே: திருப்பூர் ஏற்றுமதியாளர். ஜெர்மன் கம்பெனியோடு 2019-ல் போட்ட ஒப்பந்தத்தில் 'இந்தியச் சட்டம், ஆர்பிட்ரேஷன் லண்டனில்' என்று உள்ளது. புதிய ஆங்கிலேயச் சட்டம் இதைப் பாதிக்குமா?

ப: பாதிக்கும். ஆர்பிட்ரேஷன் என்பது நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் தகராறைத் தீர்ப்பது. 2025-ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் சட்டம் 2025 ஆகஸ்ட் 1-ல் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எப்போது போட்டது என்பது பொருட்டல்ல. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ நடுவரை நியமிக்கச் சொல்லி எதிராளிக்கு நோட்டீஸ் கொடுத்தால் புதிய விதிதான்.

மாற்றம் இதுதான். 2020-ல் என்கா வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒப்பந்தத்துக்கு இந்தியச் சட்டம் என்றால் ஆர்பிட்ரேஷன் ஷரத்துக்கும் பொதுவாக அதுவே. இப்போது ஷரத்துக்கென்று தனியாக வேறு சட்டம் வெளிப்படையாக எழுதாவிட்டால், ஷரத்தை ஆள்வது ஆர்பிட்ரேஷனின் இருக்கை (சட்டப்படி அது சேர்ந்த இடம்) எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம். உங்களுக்கு ஆங்கிலேயச் சட்டம். யாரெல்லாம் கட்டுப்பட்டவர், எந்தத் தகராறு அடங்கும் என்பதை இனி அதுவே முடிவு செய்யும். விலை, தரம், டெலிவரி பற்றிய சண்டைக்கு இந்தியச் சட்டமே தொடரும்.

இன்னொன்று, ஏற்றுமதியாளருக்குப் பயன்படக்கூடியது. சரக்கை வாங்கிக்கொண்டு, பணம் கேட்டதும் 'தரம் சரியில்லை' என்று ஒரு வரி எழுதுவார்கள் அல்லவா? ஜெயிக்க உண்மையான வாய்ப்பே இல்லாத வாதத்தைச் சுருக்கமாகவே தீர்க்கும்படி நடுவரிடம் மனுப் போடலாம், ஒப்பந்தம் அதை விலக்காத வரையில். நடுவர் இரு தரப்பையும் கேட்டுத்தான் முடிவெடுப்பார். கையில் ஆய்வு அறிக்கையும் டெலிவரி ரசீதும் இல்லாமல் போட்டால் வீண்.

அடுத்த ஒப்பந்தத்தில் 'லண்டனில்' என்று மொட்டையாக விடாதீர்கள். 'ஆர்பிட்ரேஷனின் சட்டபூர்வ இருக்கை லண்டன், இங்கிலாந்து' என்று எழுதுங்கள். விசாரணையை அதற்குப் பிறகு கோவையிலோ ஜூமிலோ நடத்தினாலும் இருக்கை மாறாது.

கே: மிலானில் உள்ள எங்கள் சப்ளையரின் ஒப்பந்தத்தில், நாங்கள் மிலானில் மட்டும் வழக்குப் போடலாம், அவர் 'தகுதியுள்ள எந்த நீதிமன்றத்திலும்' போடலாம் என்று இருக்கிறது. செல்லுமா? (லியோன்)

ப: 2025 பிப்ரவரி 27-ல் லாஸ்த்ரே வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஒருபக்கச் சலுகை என்பதாலேயே ஷரத்து செல்லாமல் போகாது. ஆனால் அந்த 'எந்த' என்பது ஒன்றியத்துக்கும் லுகானோ உடன்படிக்கை நாடுகளுக்கும் (ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து) வெளியே உள்ள நீதிமன்றங்களையும் குறித்தால் ஷரத்து தள்ளுபடி. உங்கள் வாசகத்தில் அந்த எல்லை எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதை எதிர்க்க உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது.