ஈ-பேப்பர் திரையை ஓட்ட சி++ கிளாஸ்கள் அவசியமா, சாதாரண சி ஃபங்ஷன்கள் போதாதா?

ஒரே திரை, ஒரே பலகை, அதற்குமேல் ஆசையில்லை என்றால் சாதாரண ஃபங்ஷன்களே போதும். கிளாஸ் (தரவையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் வடிவம்) எழுதாதவர் நிரலாளரே அல்லர் என்று வாதிட நான் வரவில்லை. ஆயினும் நீங்கள் இரண்டாவது திரை வாங்கும் நாளை எண்ணியே இதை எழுதுகிறேன், ஏனெனில் எனக்கு அந்த நாள் வந்தது.

ஆய்வகக் கதவில் மாட்டுவதற்கு வெப்பநிலை காட்டும் பலகை ஒன்று செய்தேன். ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, 128க்கு 296 புள்ளிகள் கொண்ட 2.9 அங்குலத் திரை, அதை இயக்க எஸ்எஸ்டி1680 சிப், எல்லாம் ஒரே கோப்பில் சி மொழி. திரையின் கண்ணாடி உடைந்ததும் அதே கடையில் அதே படத்தைப் பார்த்து இன்னொன்று வாங்கினேன். பொருத்தியதும் நிரல் முதல் காத்திருப்பிலேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் ஒயர்களைச் சந்தேகித்த பிறகுதான் உள்ளே இருப்பது யூசி8151 என்று தெரிந்தது. எஸ்எஸ்டி1680 வேலையில் இருக்கும்போது அதன் பிஸி பின்னில் (வேலை நடப்பதை யூனோவுக்குச் சொல்லும் முனை) மின்னழுத்தம் உயர்ந்திருக்கும்; யூசி8151இல் தாழ்ந்திருக்கும். பதினாறடிமான எண் 12 முன்னதற்கு ரீசெட் கட்டளை, பின்னதற்குத் திரையைப் புதுப்பிக்கும் கட்டளை. சிப்பின் பெயரை விற்பனைப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் கடைக்காரருக்கு என்ன குறைந்துவிடும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதன்பின் நிரலை இரண்டாகப் பிரித்தேன். தொடங்கு, படத்தை அனுப்பு, புதுப்பி, உறங்கு, பிஸியா என்ற ஐந்து விர்ச்சுவல் ஃபங்ஷன்கள் (அதிலிருந்து பிறக்கும் கிளாஸ் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளக்கூடியவை) மட்டும் கொண்ட ஓர் அடிப்படைக் கிளாஸ். அதிலிருந்து ஒவ்வொரு சிப்புக்கும் ஒன்று. எழுத்தும் கோடும் வரையும் கிளாஸ் அடாஃப்ரூட் ஜிஎஃப்எக்ஸ் என்ற வரைகலை நூலகத்திலிருந்து பிறந்தது. ஒரு புள்ளியை வைக்கும் ஃபங்ஷனை மட்டும் எழுதிக் கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். (ஜிஎக்ஸ்இபிடி2 என்ற ஆயத்த ஈ-பேப்பர் நூலகம் இருக்க இதை ஏன் எழுதினாய் என்று கேட்பீர்கள், வீம்புதான்.)

"யூனோவின் 2 கிலோபைட் ராமில் விர்ச்சுவல் ஃபங்ஷனா?" என்று அலுவலகத்தில் ஒரு மூத்தவர் சிரித்தார். யூனோவில் உள்ள ஏவிஆர் வகைச் சிப்பில், எந்த விர்ச்சுவல் ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் அட்டவணை ராமில் அமர்வது உண்மைதான், ஆனால் ஃபங்ஷனுக்கு 2 பைட் வீதம்தான். நினைவகத்தை உண்மையில் விழுங்குவது படம்: முழுத் திரைக்கு 4,736 பைட் வேண்டும். ஆகவே 37 வரிசை கொண்ட 8 கீற்றுகளாக, ஒவ்வொன்றும் 592 பைட்டில், வரைந்து அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கும் ஒரு தவறு செய்தேன்: வெப்பநிலையை வரையும் ஃபங்ஷனுக்குள்ளேயே படித்ததால், அது ஒரு புதுப்பித்தலுக்கு 8 முறை படிக்கப்பட்டு, கீற்றின் எல்லையில் விழுந்த எண்ணின் மேற்பாதி 1 ஆகவும் கீழ்ப்பாதி 2 ஆகவும் நின்றது. அளவை முதலில் படித்து ஒரு மாறியில் வைத்துவிட்டு வரையத் தொடங்குங்கள்.

திரை 3.3 வோல்ட், யூனோ 5 வோல்ட். இடையில் லெவல் ஷிஃப்டர் (சமிக்ஞையின் வோல்ட்டை மாற்றித் தரும் சுற்று) வைக்காமல் இணைக்காதீர்கள். கிளாஸைத் தேர்ந்தெடுக்குமுன், உள்ளே எந்தச் சிப் என்று அறிய, திரையின் பட்டைக் கேபிளில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.