சாட்சி சொல்லப் போன தம்பியை "பாதுகாப்புக்கு" மறித்து வைக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. எங்கள் ஒழுங்கையில் நடந்த வாள்வெட்டை நேரில் கண்டவன். வாக்குமூலம் கொடுக்கப் போனவனை, "வெட்டின ஆட்களால ஆபத்து, அவன்ர பாதுகாப்புக்குத்தான்" என்று இரண்டு இரவாகப் பொலிஸ் நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள். இது சரியா? (வாசகி, மானிப்பாய்)

பதில்: "நான் வீட்டை போறன்" என்று தம்பி எழும்பினால் விடுவார்களா? விடுவதென்றால் அவர் விரும்பித் தங்கியிருக்கிறார், பிரச்சினையில்லை. விடமாட்டார்கள் என்றால் அது தடுத்துவைப்பு. என்ன பெயர் வைத்தாலும் சட்டம் அப்படித்தான் பார்க்கும்.

சந்தேகநபரைக்கூட, பயண நேரம் தவிர்த்து, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37ஆம் பிரிவு. உங்கள் தம்பி சந்தேகநபரே இல்லை, சாட்சி. (பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு கதை, அதை இங்கே இழுக்கத் தேவையில்லை.) சிறுவர் என்றால் நீதிமன்றக் கட்டளையோடு பாதுகாப்பான இடத்தில் வைக்கலாம். விளக்கமறியலில் இருப்பவருக்கு மற்றக் கைதிகளால் ஆபத்தென்றால் தனியாகப் பிரித்து வைக்கலாம். வளர்ந்த ஒரு சாட்சியை, அவர் விருப்பமில்லாமல், நீதவானுக்கும் தெரியாமல் வைத்திருக்க இவை இடங்கொடுக்காது.

இன்றைக்கே ஒரு சட்டத்தரணியோடு போய், தம்பி சாட்சியா சந்தேகநபரா என்று பொறுப்பதிகாரியிடம் நேராகக் கேளுங்கள். பதிலையும், சொன்னவர் பெயரையும், நேரத்தையும் எழுதி வையுங்கள். சண்டை பிடிக்கவேண்டாம். விடாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடுங்கள். ஆட்கொணர்வு மனுவும் (தடுத்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரும்படி கேட்கும் மனு) போடலாம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. பலர் இதைத் தெரியாமல் தவணையைத் தவறவிடுகிறார்கள்.

ஆனால் ஆபத்து பொய்யென்று நான் சொல்லவில்லை. வாள்வெட்டு வழக்குகளில் சாட்சிகள் ஏன் பின்வாங்குகிறார்கள் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதற்குத்தான் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் தேசிய அதிகாரசபையிடம் தம்பியே பாதுகாப்புக் கேட்கலாம். சாட்சியை மிரட்டுவதும் அச்சட்டப்படி தனிக் குற்றம். மிரட்டல் அழைப்பு எதுவும் வந்திருந்தால் ஃபோனிலிருந்து அழிக்காமல், திகதியோடு தனி முறைப்பாடாகப் பதியுங்கள்.