பாலேவுக்கும் ஹிப்ஹாப்புக்கும் நடுவில் நம் பரதமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. ஆறு வயதிலிருந்து பரதம் படிக்கிறாள், போன வருடம்தான் அரங்கேற்றம் முடிந்தது. பி.பி.சி. யங் டான்ஸர் நிகழ்ச்சியின் பழைய சுற்றுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு போட்டிக்கு அழைப்பு வந்தால் விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள். டீச்சருக்கு அதில் விருப்பமில்லை. மற்ற நடனங்களோடு நிறுத்தினால் நம் கலை நீர்த்துப்போகும் என்கிறார். ஏ லெவல் பரீட்சை வேறு இருக்கிறது. நான் யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு அம்மா, லண்டன்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

டீச்சரின் பயத்தை வெறும் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். பரதக் கச்சேரியின் நடுநாயகமான பெரிய உருப்படி வர்ணம். அதை ஆடி முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். தொலைக்காட்சியில் கிடைப்பது சில நிமிடங்கள். வர்ணத்தைக் கத்தரித்து, கைதட்டல் வாங்கும் தீர்மானங்களை, அதாவது வேகமான அடவுக் கோர்வைகளை மட்டும் ஒட்டவைத்து ஆடும் பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். கால் வேகமாக ஓடும், முகத்தில் ஒன்றும் இருக்காது. அந்தக் காட்சி எந்தக் குருவுக்கும் வலிக்கும்.

ஆனால் நீங்கள் சொல்லும் போட்டியின் வரலாறு வேறு மாதிரி. 2015இல் அதைத் தொடங்கியபோதே பாலே, கன்டெம்பரரி, ஹிப்ஹாப் ஆகியவற்றோடு தெற்காசிய நடனத்துக்கும் தனிப் பிரிவு கொடுத்தார்கள். பரதமும் கதக்கும் முதலில் அந்தப் பிரிவுக்குள் போட்டியிட்டு, அப்புறம்தான் இறுதிச் சுற்றில் மற்றவற்றைச் சந்தித்தன. 2022இல் அந்தப் பிரிவுகள் இல்லை, எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அந்த வருடம் வென்றவர் பரதம் ஆடிய ஆத்யா சாஸ்திரி. உங்கள் மகள் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த இறுதிச் சுற்றாகத்தான் இருக்கும்!

அதனால் அவள் போகலாம் என்பதுதான் என் எண்ணம். எதை எடுத்துக்கொண்டு போகிறாள் என்பதில்தான் கவனம் வேண்டும். பெரிய உருப்படியை வெட்டிச் சின்னதாக்க வேண்டாம், சின்னதாகவே முழுமையான ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். பதம் என்னும் மெதுவான அபிநயப் பாட்டில் பல்லவியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும், அது தனியாகவே நிற்கும். அரங்கத்தில் இருபதாவது வரிசையில் இருப்பவருக்கு அவள் கண் அசைவது தெரியாது. கேமரா பக்கத்தில் வந்துவிடும். அபிநயம் நன்றாக வரும் பிள்ளைக்கு அது வரம். புருவத்தைச் சற்றுக் குறைவாகவே தூக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். அரங்கத்துக்குப் பழகிய முகம் குளோஸ்-அப்பில் அதிகமாகத் தெரியும்.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் அடியில் சற்றுத் துள்ளும் மரமும் அதன் மேல் வினைல் விரிப்பும் இருக்கும். முழங்காலுக்கு அது நல்லதுதான். ஆனால் வெறுங்கால் வியர்த்தால் விரிப்பில் ஒட்டிக்கொள்ளும், சுற்றும்போது பாதம் இழுக்கும். காலைத் தரையில் தட்டும் அடிப்படை அடவான தட்டடவைத் தட்டினால் வழக்கமான சத்தம் வராமல் அமுங்கிப்போகும். அந்தச் சத்தத்தைத் தேடி இன்னும் ஓங்கித் தட்டித் தட்டியே பிள்ளைகள் காலை நோகடித்துக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்து, சலங்கையோடு ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேறு பாணியில் ஆடும் ஒரு தோழியோடு சேர்ந்தும் ஆடிப் பார்க்கட்டும். பாலே ஆடும் பெண் நுனிக்காலில் மேலே எழும்போது, இவள் முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி அமரும் அரைமண்டியில் அசையாமல் இருந்தால் போதும், நம் ஆட்டம் பூமியை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பது பார்ப்பவருக்குத் தானாகப் புரியும். அரைமண்டி பாதியில் எழும்பிவிட்டால் அதுவும் பளிச்சென்று தெரிந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பரீட்சை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இப்படிப்பட்ட போட்டிகளில் முதல் கட்டத்துக்குப் பெரும்பாலும் ஆடிய வீடியோ ஒன்றுதான் கேட்பார்கள். அடுத்தடுத்த சுற்றுகளின் தேதி பரீட்சையோடு மோதினால், இந்த முறை வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் தூது போகாதீர்கள் அம்மா. டீச்சரிடம் மகளே போய்ப் பேசட்டும். "போகலாமா டீச்சர்?" என்று கேட்டால், வேண்டாம் என்ற பதில் தயாராக இருக்கும். "நான்கு நிமிடம் கிடைத்தால் நான் எதை ஆடணும், டீச்சர்?" என்று கேட்கச் சொல்லுங்கள். பத்து வருடம் அவளுக்குக் கால் பிடித்துக் கற்றுக்கொடுத்தவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் போனபிறகு அவள் போய்க் கேட்கட்டும். நீங்கள் வெளியே காரிலேயே இருங்கள்.