பழைய காரை விடலாமா, வைத்துக்கொள்ளலாமா? – வாசகர் கேள்வி பதில்

எங்கள் மாருதி 800, 2006-ல் பதிவானது. செல்ஃப் அடித்தால் உடனே எடுக்கிறது. ஆர்.சி. புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. "வித்துட்டு வேற வாங்குங்கம்மா" என்கிறார் மெக்கானிக். பிள்ளைகள் வளர்ந்த கார், மனசு வரவில்லை.
– வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

இன்ஜினைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த 796 சிசி இன்ஜினுக்கு உதிரிபாகங்கள் இன்னும் கிடைக்கின்றன, வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கடலோரத்தில் காரின் ஆயுளைத் தீர்மானிப்பது பாடிதான். இந்த வண்டிக்குத் தனி ஃபிரேம் கிடையாது, பாடியே ஃபிரேம். அது துருப்பிடித்து இற்றுப்போனால் இடிபடும்போது தாங்க எதுவும் இருக்காது.

கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும். மழைநீர் வடிவதற்கான வழி அது. மண் அடைத்துக்கொண்டால் உப்பு ஈரம் உள்ளேயே தங்கி, உள்பக்கமிருந்து தகட்டைத் தின்னும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அந்த இடத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் தகடு நன்றாக இருக்கிறது. சத்தம் அமுங்கினால் உள்ளே துரு, இல்லையென்றால் ஓட்டையை மறைத்துப் பூசிய பழைய பட்டி. பிறகு ஜாக்கி போடும் இடம், பேட்டரி தட்டின் அடிப்பக்கம், முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியில் சேரும் இடம், கால் வைக்கும் மேட்டை (மிதியடியை) தூக்கினால் தெரியும் தரை ஆகியவற்றைப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் பிடிப்பிலோ ஜாக்கி இடத்திலோ விரலால் அழுத்தித் தகடு உள்வாங்கினால் அந்தக் காரை ஓட்ட வேண்டாம். பாசம் எவ்வளவு இருந்தாலும் இதில் என் பதில் மாறாது.

கதவின் அடிப்பாகம், தரையில் ஓரிரு இடம் என்ற அளவில் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் துருவின் மேல் பட்டி பூசி பெயின்ட் அடிக்கும் டிங்கரிங் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ஜிங்க் பிரைமர் அடித்து, உள்கூட்டில் மெழுகு ஸ்ப்ரே செலுத்தச் சொல்லுங்கள். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றுவது கட்டாயம், இல்லாவிட்டால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம். போய்விடும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய பெட்ரோல் ஹோஸ்களையும் கேஸ்கெட்டுகளையும் அதோடு மாற்றிவிடுங்கள்.

புதுப்பிக்கும் கட்டணம் 15 வருடம் கடந்த காருக்கு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த மாற்றத்தின்படி 20 வருடத்தைத் தாண்டினால் 10,000. பசுமை வரி தனி. ஆய்வாளர் சேஸ் நம்பரைப் பார்ப்பார். அதன் மேல் துரு இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண் அழிந்தால் பெரிய தலைவலி.

2021 மாடல் கார் ஒன்று மலிவாக வருகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், வில்லியனூர்

சரியான சந்தேகம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் தாழ்வான நகர்களுக்குள் புகுந்தது. அன்று நனைந்த கார்களில் சில, கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கலாம்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அங்கே நிற்கும். சீட்டைப் பின்னுக்குத் தள்ளித் தண்டவாளத்தின் போல்ட்டில் டார்ச் அடியுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிக் குழியைப் பாருங்கள். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை ஓரிடத்தில் இழுத்தால் வண்டல் படிந்திருக்கிறதா என்று தெரியும். டேஷ்போர்டுக்கு அடியில் வயர் சாக்கெட்டுகளில் பச்சைப் பூஞ்சை போலிருந்தால் அது செம்பின் துரு. இந்தக் கோளாறு உடனே தெரியாது, ஆறு மாதம் கழித்து ஏர்பேக் விளக்கோ பவர் ஸ்டியரிங்கோ மக்கர் செய்யும். சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), ஏர்பேக் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ இணைப்பைத் துண்டித்திருக்கலாம்.

பேப்பரிலும் ஒரு தடயம் உண்டு. 2025-ல் போட்ட இன்சூரன்ஸ் பாலிசியில் 'நோ கிளெய்ம் போனஸ்' (கிளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) பூஜ்யமாக இருக்கிறதா பாருங்கள். உரிமையாளர் மாறாமலே அது பூஜ்யமானால் முந்தைய ஆண்டில் கிளெய்ம் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். எதற்காக என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரின் பில்களையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.

பி.ஒய்-01 வண்டியைக் கடலூரில் வாங்கி அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டிலேயே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். புதுச்சேரி ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். விலை பேசும் முன் அந்த வரி எவ்வளவு என்று விசாரித்து, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பழைய காரை புரோக்கரிடம் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டேன். அவ்வளவுதானே?
– வாசகர், லாஸ்பேட்டை

இல்லை. ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை விபத்து இழப்பீட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு. 2018-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால் உடனே புரோக்கரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஃபாஸ்டேக்கை மூடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் காருக்கு அல்ல, உங்களுக்கு உரியது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால், மூன்று வருடத்துக்குள் வாங்கும் காரின் ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும்.

புதுக் காரில் அழுத்தி பிரேக் பிடித்தால் பெடல் அதிர்கிறது. பழைய வண்டியில் இப்படி இல்லையே?
– வாசகி, பண்ருட்டி

ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது வரும் அதிர்வு அது. பழைய காரில் விட்டு விட்டு மிதித்த பழக்கத்தை மறந்துவிடுங்கள். அவசரத்தில் முழு பலத்தோடு மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். மெதுவாகப் பிடிக்கும்போதும் அதிர்ந்தால் அது டிஸ்க் கோணல், சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.