வாசகர் கேள்வி: பழைய கார், கசியும் எஞ்சின், எந்த ட்யூப்?

கேள்வி: என் கார் 25 வயதைத் தாண்டிவிட்டது. எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவர் ஓரத்திலும், அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பிலும் எண்ணெய் கசிகிறது. கடையில் சிவப்பு, நீலம், கறுப்பு, சாம்பல், செம்பு என ஐந்து நிறத்தில், கசிவை அடைக்கும் சிலிகான் ட்யூப் எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். கசிவு எங்கே கிளம்புகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கமாக அடித்துப் பரப்பும். டேப்பெட் கவரில் கசிகிற எண்ணெய் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, சம்ப் ஓரத்தில் வந்து சொட்டும். அதைப் பார்த்துவிட்டு சம்ப்பைக் கழற்றியவர்கள் ஏராளம். எஞ்சினைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, விளக்கடித்துப் பாருங்கள். நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, அங்கேதான் கசிவு தொடங்குகிறது. கண்ணுக்குப் பிடிபடாவிட்டால், எண்ணெயில் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கிற சாயம் கிடைக்கிறது. அது இடத்தைத் துல்லியமாகக் காட்டிவிடும்.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் அதன் குழாய்களையும் கழற்றிப் பாருங்கள். பழைய எஞ்சினில் அவை கசடு ஏறி அடைத்திருக்கும். உள்ளே சேரும் காற்றழுத்தம் போக வழியில்லாமல், பலவீனமான மூட்டு எதுவோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். அடைப்பை நீக்காமல் ஒரு மூட்டை இறுக்கினால் அடுத்த மூட்டு கசியும்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான நிற விதி என்று ஒன்று கிடையாது. பல நிறுவனங்களில் கறுப்பு என்றால் எண்ணெயைத் தாங்குகிற, வளைந்து கொடுக்கிற வகை. சாம்பல், அதிக முறுக்குவிசையில் இறுக்கும் விறைப்பான அலுமினிய பாகங்களுக்கு. சிவப்பும் செம்பும் சூட்டுக்கு. ஆனால் இதை நம்பி வாங்காதீர்கள், ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். எண்ணெய், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), வெப்பநிலை என்று எவற்றைத் தாங்கும் என அங்கே எழுதியிருக்கும். புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்குத் தீங்கில்லை என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். காயும்போது வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும், சிலிகானிலிருந்து எழும் ஆவி ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கக்கூடும். எஞ்சினுக்கு அந்த வகை வேண்டாம்.

உங்கள் டேப்பெட் கவரில் இருப்பது வார்த்தெடுத்த ரப்பர் கேஸ்கெட் (இரு பாகங்களுக்கு நடுவே கசியாமலிருக்க வைக்கும் பட்டை) என்றால் ட்யூபுக்கே பெரிய வேலையில்லை. பழையது சூட்டில் வெந்து பிளாஸ்டிக் போல விறைத்திருக்கும். புதியதை உலர்வாகவே வையுங்கள். டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் மூலைகளிலும், அரைவட்டமாக வளையும் இடங்களிலும் மட்டும் ஒரு பொட்டு சிலிகான் போதும். ரப்பர் முழுக்கத் தடவினால் அது வழுக்கிக்கொண்டு, இறுக்கும்போது பிதுங்கி வெளியே வந்துவிடும்.

சம்ப்தான் கசிகிறது என்று உறுதியானால் பொறுமை வேண்டும். தகட்டுச் சம்ப்பில் போல்ட் துளைகளைச் சுற்றி, பல வருடம் அழுத்தி இறுக்கியதில், தகடு மேல்நோக்கிக் குழிந்திருக்கும். மரக்கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமமாக்குங்கள். இதைச் செய்யாமல் உலகத்திலேயே உயர்ந்த சிலிகானைப் போட்டாலும் நிற்காது. இரண்டு பரப்பையும் பிரேக் கிளீனரால் துடைத்து உலர விடுங்கள். எஞ்சின் உள்ளிருந்து எண்ணெய் மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். முடிந்தால் ஓர் இரவு வடியவிட்டு, பூசுவதற்குச் சற்று முன்பு இன்னொரு முறை துடைத்துவிடுங்கள். பிறகு 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில், அறுந்து போகாத ஒரே கோடு. போல்ட் துளைகளுக்கு உட்பக்கமாகப் போகட்டும். மேலே தோல் கட்டுவதற்குள், ஏறத்தாழ 10 நிமிடத்தில், மாட்டிவிட வேண்டும். எப்போது முழு இறுக்கம், எப்போது எண்ணெய் என்பதை ட்யூப் சொல்கிறபடி செய்யுங்கள். சிலிகான் காற்றிலிருக்கிற ஈரத்தை வாங்கித்தான் காய்கிறது. பலவற்றுக்கு 24 மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு எண்ணெயை ஊற்றினால் செய்த உழைப்பெல்லாம் போச்சு.

கனமாகப் பூசினால் பாதுகாப்பு என்ற நினைப்பை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெளியே பிதுங்கி நிற்பது எவ்வளவோ, அதே அளவு உள்ளேயும் பிதுங்கி நிற்கும். எங்கள் பட்டறைக்கு வந்த ஓர் எஞ்சினில் பேரிங்குகள் உருகிப் போயிருந்தன. சம்ப்பைத் திறந்தால், எண்ணெய் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலை முழுக்கச் சிலிகான் துணுக்குகள். உள்ளே பிதுங்கியது அறுந்து, எண்ணெயோடு போய் வலையை அடைத்துவிட்டது. ஒரு சொட்டுக் கசிவை நிறுத்தப் போய் எஞ்சினே போன கதை அது. அன்றிலிருந்து யார் கையில் ட்யூபைக் கொடுத்தாலும் இதைச் சொல்லாமல் கொடுப்பதில்லை.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது இரண்டு விஷயம். அலுமினியத்தின்மேல் சுழலும் தேய்ப்பு டிஸ்க் வேண்டாம். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் பட்டறைகளுக்கு இதை எழுத்திலேயே எச்சரித்திருக்கிறது. பிளாஸ்டிக் சுரண்டியும் நேரமும் போதும். இன்னொன்று உங்கள் உடம்பைப் பற்றியது. பழைய கார்களின் கேஸ்கெட்டுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. உலர்வாகச் சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள்.

கேள்வி: தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் கூலன்ட் கசிகிறது. மெக்கானிக் வெளியிலிருந்து சிலிகான் அப்பிவிட்டார், மறுபடி கசிகிறது. ரேடியேட்டரில் ஊற்றுகிற கசிவு நிறுத்தும் திரவம் போடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தங்கை. அவற்றில் சில சோடியம் சிலிகேட், சில நார்த்துகள். கசிகிற ஓட்டை எது, காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் எது என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் அடைக்கும். நடுவழியில் மாட்டிக்கொண்டவர் வீடு சேர்வதற்கு ஊற்றலாம், அவ்வளவுதான்.

வெளியே அப்பியதும் நிற்காது. உள்ளே அழுத்தம் இருக்கிறது, அடியில் ஈரம் இருக்கிறது, சிலிகான் எதைப் பிடித்து நிற்கும்? எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு ஹவுசிங்கைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய அலுமினியத்தில் கூலன்ட் அரித்துக் குழிகள் விட்டிருக்கும். நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். குழி ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்றுவது நல்லது. லேசானது என்றால் புதுக் காகித கேஸ்கெட்டின் இரு பக்கமும் கூலன்ட் தாங்கும் சிலிகான் மெல்லிய படலமாகப் போதும். தெர்மோஸ்டாட் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறுக்க வேண்டும். நகர்ந்திருந்தால் ஹவுசிங்கில் போல்ட் மாட்டும் காது உடையும். சில எஞ்சின்களில் இந்த போல்ட்டுகள் கூலன்ட் ஓடும் அறைக்குள்ளேயே நுழையும். அப்படியானால் மரையில் த்ரெட் சீலன்ட் போடாவிட்டால் கேஸ்கெட் நன்றாயிருந்தும் போல்ட் வழியாகக் கசியும். மறுபடி கசிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: கார்புரேட்டர் அடியில் கறுப்பு சிலிகான் போட்டேன். சில நாளில் ஜெல்லி மாதிரி ஊறிப்போய்விட்டது. மட்டமான சரக்கா?

பதில்: சரக்கின்மேல் பழி இல்லை தம்பி. சாதாரண சிலிகான் பெட்ரோலைத் தாங்காது. ஊறி, உப்பி, துண்டாகி உள்ளே போகும். கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் பக்கம் அதைக் கொண்டு போகவே கூடாது. சரியான தடிமனில் புது கேஸ்கெட் வையுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். அதற்குமேல் துணை வேண்டுமானால், பெட்ரோல் தாங்கும் இறுகாத வகை சீலன்ட். ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் எஞ்சின்களுக்காக உருவான ஹைலோமார் அந்த இனம். இப்போது போட்டிருப்பதை முழுக்கச் சுரண்டி எடுத்து, கார்புரேட்டரின் ஜெட்டுகளில் (பெட்ரோல் போகும் சிறு துளைகளில்) துணுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு வண்டியை எடுங்கள். பெட்ரோல் கசிவு தீப்பிடிக்கிற விஷயம், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் கியர்பாக்ஸ் இரண்டு பாதியாகப் பிரிகிறது, நடுவில் கேஸ்கெட்டே இல்லை. சிலிகான் போடலாமா? ஹெட் கேஸ்கெட்டிலும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும்?

பதில்: கியர்பாக்ஸுக்கு அனேரோபிக் வகை. காற்றுப் படாமல், உலோகத்தோடு ஒட்டியிருக்கும்போது மட்டுமே இறுகும். துல்லியமாக இழைத்த இரண்டு உலோகப் பரப்பு, கால் மில்லிமீட்டருக்குள் இடைவெளி, அங்கே இதற்கு இணை இல்லை. பிதுங்கியது உள்ளே இறுகாமல் எண்ணெயில் கரைந்துவிடும் என்பதும் ஒரு நிம்மதி. தகட்டு மூடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. கியர்பாக்ஸ் பாதிகளுக்கு நடுவே தடிமனாக ஏதாவது போட்டால் இன்னொரு தொல்லை உண்டு: பேரிங் இடைவெளி மாறிவிடும்.

ஹெட் கேஸ்கெட்டில், தயாரிப்பாளர் கையேடு ஒரு மூலையைக் குறிப்பிட்டுச் சொன்னால் ஒழிய, எதுவும் வேண்டாம். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் சுத்தமான, சமமான பரப்பையும் சரியான முறுக்குவிசையையும் மட்டுமே கேட்கிறது. எக்ஸாஸ்ட்டில் செம்பு நிற சிலிகான்கூட சுமார் 370 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். மேனிஃபோல்ட் வேலை செய்யும்போது 600 டிகிரியைத் தாண்டக்கூடும். கிராஃபைட் அல்லது உலோக கேஸ்கெட் போடுங்கள்.

கேள்வி: திறந்த ட்யூபில் மீதியை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பதில்: மூக்கு இறுக மூடி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். அட்டைமேல் கொஞ்சம் பிதுக்கி வைத்து, ட்யூபில் சொன்ன நேரத்துக்குள் தோல் கட்டுகிறதா என்று சோதியுங்கள். கட்டி கட்டியாக வந்தாலோ, பிசுபிசுவென்றே நின்றாலோ, எஞ்சினில் போடாமல் புது ட்யூப் வாங்கிக்கொள்ளுங்கள்.