பேரு மட்டும் இனாம் இல்லை

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்காக எஃப்பிஜிஏ போர்டில் (உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) ஒரு ரிஸ்க்-ஃபைவ் செயலி செய்திருக்கிறோம். அர்ரேயிலிருந்து ஓர் எண்ணை எடுக்க ஷிஃப்ட் (பிட்டுகளை நகர்த்துவது), ஆட் (கூட்டல்), லோடு (நினைவகத்திலிருந்து எடுப்பது) என்று மூன்று இன்ஸ்ட்ரக்ஷன் ஆகிறது. அதனால் ‘எஸ்எல்டி’ என்ற இன்ஸ்ட்ரக்ஷனைத் தூக்கிவிட்டு, அதன் குறியீட்டு எண்ணிலேயே மூன்றையும் ஒரே மூச்சில் செய்யும் புது இன்ஸ்ட்ரக்ஷன் வைத்தோம். விற்கும்போது பெட்டியில் ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்று அச்சிடலாமா? ஓபன்தானே? – மாணவி, சிவகாசி

பதில்: அச்சிடாதீர்கள். 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்பது, எந்த இன்ஸ்ட்ரக்ஷனுக்குச் செயலி என்ன செய்ய வேண்டும் என்ற விதிப்புத்தகம். அதைப் படித்து யாரும் ராயல்டி இல்லாமல் செயலி செய்யலாம். ஆனால் பெயரும் லோகோவும் ரிஸ்க்-ஃபைவ் இன்டர்நேஷனல் அமைப்பின் டிரேட்மார்க். வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்த அவர்களுடைய நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். ஐஐடி மெட்ராஸ்காரர்கள் ‘சக்தி’ என்றும், அரசு நிறுவனமான சி-டாக்காரர்கள் ‘வேகா’ என்றும் தங்கள் செயலிகளுக்குச் சொந்தப் பெயர் வைத்திருப்பதைப் பாருங்கள்.

இது வெறும் சட்டச் சிக்கல் இல்லை. ஜிசிசி (நிரலை இன்ஸ்ட்ரக்ஷன்களாக மாற்றும் கம்பைலர்) ‘எஸ்எல்டி’ போட்டால் ‘இது அதைவிடச் சிறியதா’ என்று கேட்கிறது என்று அர்த்தம். உங்கள் செயலியோ ஏதோ ஒரு விலாசத்துக்குப் போய் குப்பையை அள்ளி வரும். பெட்டியிலுள்ள பெயரை நம்பி வாங்கியவர் ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வார். 1990களின் கடைசியில் அமெரிக்காவில், ‘மிப்ஸ்’ என்ற செயலி வகையின் பெயரைச் சொல்லி விற்ற லெக்ஸ்ரா என்ற நிறுவனத்தின் மீது மிப்ஸ் நிறுவனம் டிரேட்மார்க் வழக்குப் போட்டது. சில லோடு, ஸ்டோர் (நினைவகத்தில் எழுதுவது) இன்ஸ்ட்ரக்ஷன்கள் தங்களிடம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்ல லெக்ஸ்ரா ஒப்புக்கொண்ட பிறகே அது முடிந்தது.

வழி இருக்கிறது. ‘கஸ்டம்-0’ என்று 0001011 எண்ணை உங்களைப் போன்றவர்களுக்காகவே காலியாக விட்டிருக்கிறார்கள். புதுசை அங்கே குடிவைத்து, எஸ்எல்டியை அதன் வீட்டுக்கே அனுப்புங்கள்.

ரிஸ்க்-ஃபைவின் அடிப்படைத் தொகுதியில் ஏன் உங்களுடையதைப் போன்ற லோடு இல்லை என்றும் யோசித்திருப்பீர்கள். லோடு செய்ய இரண்டு ரெஜிஸ்டர் (செயலிக்குள் எண்ணை வைக்கும் சிறு இடம்) படித்தால் போதும். இதே பாணியில் ஸ்டோர் வைத்தால் எழுத வேண்டிய எண்ணையும் சேர்த்து மூன்று. அதற்காக, ரெஜிஸ்டர்கள் எல்லாம் இருக்கும் ரெஜிஸ்டர் ஃபைலில் படிப்பதற்கு மூன்றாவது வாசல் திறந்தால், குட்டிச் செயலிக்கு அதுவே பெரிய செலவு. என்னைக் கேட்டால், கொஞ்சம் அதிகமாகவே கஞ்சத்தனம் செய்துவிட்டார்கள். ‘ஷிஃப்ட்’, ‘ஆட்’ இரண்டையும் ஒன்றாக்கும் ‘எஸ்ஹெச்2ஆட்’ 2021இல்தான் அதிகாரபூர்வமாக வந்தது. அதற்கு இரண்டு வாசலே போதும், முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

கேள்வி: ரிஸ்க்-ஃபைவ் கம்பைலர் 4095ஐ ஏற்ற, 4096ஐ ஏற்றி 1 கழிக்கிறது. பிழையா? – வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை. ‘ஆட்ஐ’யில் (இன்ஸ்ட்ரக்ஷனுக்குள்ளேயே இருக்கும் எண்ணைக் கூட்டுவது) எண்ணுக்கு 12 பிட்தான். அதுவும் பிளஸ், மைனஸ் குறியோடு, -2048 முதல் 2047 வரை. 4095 அதில் அடங்காது, -1 அடங்கும். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து ஒரு ரூபாய் சில்லறை வாங்குகிற மாதிரிதான். அந்தக் குறி பிட் எப்போதும் இன்ஸ்ட்ரக்ஷனின் 31ஆம் இடத்தில் நிற்பதால், என்ன இன்ஸ்ட்ரக்ஷன் என்று தெரியும் முன்பே ஹார்டுவேர் வேலையைத் தொடங்கிவிடலாம்.

நான் கையால் எழுதிய முதல் அசெம்பிளரில் (இன்ஸ்ட்ரக்ஷன் பெயர்களை எண்களாக்கும் நிரல்) இந்தக் குறியை மறந்து, 12 பிட்டிலும் ‘1’ வைத்து அனுப்பினேன். 4095க்குப் பதில் -1, அதாவது டெர்மினலில் ஹெக்ஸ் எழுத்தில் எட்டு எஃப் வரிசையாக நின்றன. போர்டு போச்சு என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் அதே எட்டு எஃப்.